மலிவான பெட்டியின் மறைந்திருக்கும் விலை

உங்கள் வீட்டில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத சாதனம் எது? தொலைக்காட்சியை இரவில் அணைத்துவிடுவோம். வெளியே கிளம்பும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம். குளிர்பதனப் பெட்டி மட்டும் ஆண்டின் 8,760 மணி நேரமும் மின்சாரத்தோடு இணைந்தே இருக்கும். அதனால் எந்தப் பெட்டியை வாங்குகிறோம் என்பது பல ஆண்டுகளுக்கு மின்கட்டணத்தில் தெரியும்.

சிங்கப்பூரில் 2020 நவம்பரில், தேசியச் சுற்றுப்புற வாரியமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து, பருவநிலைக்கு உகந்த குடும்பங்களுக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஓரறை முதல் மூவறை வரையிலான வீவக வீடுகளில் வசித்த குடும்பங்களுக்கு அப்போது மின்னியல் பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. ஆற்றல்திறன் மிக்க குளிர்பதனப் பெட்டிக்கு 150 வெள்ளி, எல்இடி விளக்குகளுக்கு 25 வெள்ளி, தண்ணீரைச் சிக்கனமாக வெளியேற்றும் குளியல் குழாய்க்கு 50 வெள்ளி. மொத்தம் 225 வெள்ளி.

ஒரு குளிர்பதனப் பெட்டியின் விலைக்கே இது போதாதே, இதனால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? அறிவியலையும் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

குளிர்பதனப் பெட்டி குளிரை உருவாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே எடுத்துச் செல்கிறது. உள்ளே உள்ள குழாய்களில் குளிர்பதனப் பொருள் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. பிறகு அழுத்தி அதை அழுத்துகிறது. வெளியே உள்ள குழாய்களில் அது மீண்டும் திரவமாகும்போது அந்த வெப்பத்தை வெளியேற்றுகிறது.

வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கே பாயும். நம் ஊரின் வெப்பம் பெட்டியின் சுவர் வழியாகவும் கதவின் ரப்பர் விளிம்பு வழியாகவும் இடைவிடாமல் உள்ளே கசிகிறது. எவ்வளவு கசிகிறதோ அவ்வளவையும் அழுத்தி திரும்ப வெளியேற்ற வேண்டும். வெப்பக்காப்பு நன்றாக இருந்தால் கசிவு குறையும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அழுத்தி இருந்தால் மின்சாரம் மேலும் மிச்சமாகும். ஆற்றல் வில்லையில் அதிக ‘டிக்’ குறிகள் இருந்தால் ஆற்றல்திறன் அதிகம் என்று பொருள்.

யாரால் காத்திருக்க முடியும்?

ஓர் எடுத்துக்காட்டு. ‘அ’ பெட்டியின் விலை 400 வெள்ளி. ஆண்டுக்கு 450 கிலோவாட் மணி மின்சாரம் எடுக்கிறது. ‘ஆ’ பெட்டியின் விலை 600 வெள்ளி. 300 கிலோவாட் மணிதான் எடுக்கிறது. மின்கட்டணம் ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்று வைத்துக்கொள்வோம்.

‘ஆ’ பெட்டி ஆண்டுக்கு 150 கிலோவாட் மணியை, அதாவது 45 வெள்ளியை மிச்சப்படுத்துகிறது. பத்து ஆண்டுகளில் ‘அ’ பெட்டிக்கான மொத்தச் செலவு 1,750 வெள்ளி. ‘ஆ’ பெட்டிக்கு 1,500 வெள்ளி. மலிவானது என்று வாங்கிய பெட்டிக்கு 250 வெள்ளி கூடுதலாகச் செலவாகிறது!

அப்படியானால் எல்லாரும் ‘ஆ’ பெட்டியை வாங்கலாமே? கூடுதலாகக் கொடுத்த 200 வெள்ளி திரும்பக் கிடைக்க 200 ÷ 45, அதாவது சுமார் 4 ஆண்டு 5 மாதம் ஆகும். கையில் 400 வெள்ளி மட்டுமே உள்ள குடும்பத்தால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. கணக்குத் தெரியாததால் அல்ல, கடையில் நிற்கும் அந்த நாளில் பணம் இல்லாததால் அது ‘அ’ பெட்டியை வாங்குகிறது. பிறகு மாதாமாதம் கூடுதல் கட்டணம் செலுத்துகிறது.

150 வெள்ளிப் பற்றுச்சீட்டு இங்குதான் வேலை செய்கிறது. இரு பெட்டிகளுக்கும் இடையிலான வேறுபாடு 50 வெள்ளியாகக் குறைகிறது. அது திரும்பக் கிடைக்க ஓராண்டும் ஒரு மாதமும் போதும். பற்றுச்சீட்டு முழு விலையைத் தரவில்லை. தடையாக நின்ற இடைவெளியைச் சுருக்குகிறது.

விளக்கும் குளியலும்

36 வாட் குழல் விளக்குக்குப் பதிலாக 18 வாட் எல்இடி குழல் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். நான்கு விளக்குகள் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், ஆண்டுக்குச் சுமார் 131 கிலோவாட் மணி மிச்சம். ஏறக்குறைய 39 வெள்ளி!

குளியல் குழாய்க்கும் மின்சாரத்திற்கும் என்ன தொடர்பு? தண்ணீரைச் சூடாக்கத்தான் மின்சாரம் தேவை. நிமிடத்திற்கு 9 லிட்டர் வெளியேற்றும் குழாயை 5 லிட்டர் குழாயாக மாற்றினால், ஐந்து நிமிடக் குளியலில் 20 லிட்டர் மிச்சமாகும். சுடுநீர்க் கலனில் 20 லிட்டர் நீரை 10 பாகை செல்சியஸ் சூடாக்க 20 × 4.2 × 10 = 840 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோவாட் மணி என்பது 3,600 கிலோஜூல். ஆகவே ஒவ்வொரு குளியலிலும் சுமார் 0.23 கிலோவாட் மணி மின்சாரம் மிச்சம். தண்ணீர்க் கட்டணமும் குறையும்.

கவனிக்க வேண்டியவை

புதிய பெட்டி வந்த பிறகு பழைய பெட்டியைப் பானங்கள் வைக்க இன்னொரு மூலையில் ஓடவிட்டால் என்ன ஆகும்? 300-உடன் 450-ஐக் கூட்டுங்கள். மிச்சம் போய்ச் செலவு கூடிவிடும். சாதனம் மட்டும் மாறினால் போதாது, பழக்கமும் மாற வேண்டும்.

2024 ஏப்ரலில் திட்டம் எல்லா வீவக குடும்பங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பற்றுச்சீட்டின் மதிப்பு 300 வெள்ளி ஆனது. அதிகமான வீடுகள் மாறினால் கரிம வெளியேற்றம் அதிகம் குறையும். ஆனால், உதவி இல்லாமலே ‘ஆ’ பெட்டியை வாங்கக்கூடிய குடும்பங்களுக்கும் அப்போது அதே தொகை கிடைத்தது. எது சிறந்தது: எல்லாருக்கும் ஒரே அளவா, தேவைப்படுவோருக்குக் கூடுதலா? வகுப்பில் விவாதியுங்கள்.

செய்து பாருங்கள்

1. குளிர்பதனப் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, மெல்ல இழுங்கள். எளிதாக வந்துவிட்டால் ரப்பர் விளிம்பு தளர்ந்திருக்கலாம். அந்த வழியாக வெப்பம் கசியும்.

2. உங்கள் பெட்டியின் ஆற்றல் வில்லையில் உள்ள ஆண்டு மின்பயன்பாட்டைப் பாருங்கள். மின்கட்டணச் சீட்டில் உள்ள விகிதத்தால் பெருக்கி, ஆண்டுச் செலவைக் கண்டுபிடியுங்கள்.

3. மின்கட்டணம் 30 காசிலிருந்து 36 காசாக உயர்ந்தால், பற்றுச்சீட்டு இல்லாமல் ‘ஆ’ பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுத்த 200 வெள்ளி எத்தனை ஆண்டுகளில் திரும்பக் கிடைக்கும்?