காலை இழுத்து நட

பாக் நீரிணைக் கரையில் இடுப்பளவுத் தண்ணீரிலேயே வெகுதூரம் போகலாம். வலை வளைக்க இறங்கும்போதெல்லாம் சித்தப்பா ஒன்றையேதான் சொல்வார்: "காலத் தூக்கி வைக்காதடா, இழுத்து நட." ஒரு நாள் படகைப் பிடிக்கும் அவசரத்தில் அதை மறந்து ஓடினேன். காலுக்கடியில் மணல் வழுக்கியது. நான் மிதித்தது திருக்கையை. கணுக்காலில் முள் ஏறிவிட்டது. கரைக்கு வருவதற்குள் வலி தொடைவரை பரவியிருந்தது.

கரையில் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள், சுண்ணாம்பு தடவினார்கள். வலி குறையவே இல்லை. மருத்துவமனையில் வெந்நீரில் காலை வைக்கச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அன்று கற்றதை இன்று கடலில் இறங்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்கிறேன்.

திருக்கை யாரையும் தேடி வந்து குத்தாது. மணலைப் போர்த்திக்கொண்டு, கண்களையும் அவற்றின் பின்னால் நீர் இழுக்கும் துளைகளையும் மட்டும் வெளியே வைத்துப் படுத்திருக்கும். மேலே மிதித்தால்தான் வாலை வீசும். காலைத் தேய்த்து நடந்தால் மணலின் அசைவை உணர்ந்து விலகிப் போய்விடும்.

குத்துப்பட்டால் உடனே கரையேறுங்கள். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். ரத்தம் பெருகினால் துணியை வைத்து அழுத்துங்கள். பிறகு, பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம்வரை காலை அமிழ்த்தி வையுங்கள். சூட்டை நல்ல காலில் பார்த்துக்கொள்ளுங்கள். குத்துப்பட்ட கால் வலியில் சூட்டை உணராமல் வெந்துவிடும்.

வலி நின்றாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். முள்ளின் இரு பக்கமும் ரம்பப் பல். அது ஒடிந்து உள்ளே தங்கினால் புண் சீழ்பிடிக்கும். எக்ஸ்ரேயும் டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் நின்றால் பிடுங்கவே கூடாது, அப்படியே கொண்டுபோங்கள்.

வலையில் செத்துக் கிடக்கும் திருக்கையின் முள்ளிலும் விஷம் உண்டு. மீனைக் கழற்றும் முன் வாலைக் கவனியுங்கள்.

இன்னொன்று: திருக்கை மற்ற மீன்களைப்போல ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகள்தான் போடும். உயிரோடு வலையில் ஏறிய குட்டியைக் கடலிலேயே விட்டுவிடுகிறேன். அது படுக்கும் மணலில்தான் நான் நடக்கிறேன். என் கால் வருவதை அதற்குச் சொல்லிவிட்டு நடந்தால், எங்கள் இருவருக்கும் அங்கே இடமிருக்கிறது.