நான்காவது குஷன் உறை

தோ பாயோவில் உள்ள என் பாட்டியின் வீவக வீட்டிற்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு பழைய சோபா. அதன்மீது வரிசையாக மூன்று குஷன்கள் இருக்கும். கரும்பச்சைப் பின்னணியில் ஒன்றில் தாமரை, ஒன்றில் செம்பருத்தி, ஒன்றில் ஆர்க்கிட். முதன்முறை வருபவர்கள் அச்சடித்த துணி என்றே நினைப்பார்கள். தொட்டுப் பார்த்த பிறகுதான், "அட, இது முழுவதும் தையலா?" என்று கேட்பார்கள். நான்காவது குஷன் மட்டும் கடையில் வாங்கிய சாம்பல் நிற உறையோடு ஓரமாகக் கிடக்கும்.

அந்த நான்காவது உறை பாதித் தையலோடு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சுருண்டிருந்தது. கண் அழுத்த நோய் வந்த பிறகு பாட்டியால் துணியின் துளைகளை எண்ண முடியவில்லை. உயர்நிலை இரண்டு முடிந்த நவம்பர் விடுமுறையில், "நான் முடித்துத் தருகிறேன், பாட்டி" என்றேன். சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது.

பாட்டி இக்கலையைத் தம் இளவயதில் சமூக நிலையத்துத் தையல் வகுப்பில் கற்றவர். ஆங்கிலத்தில் இதை நீடில்பாயிண்ட் என்பார்கள். நாம் வழக்கமாகக் காணும் பூத்தையலில் துணியின்மீது ஆங்காங்கே பூவும் கொடியும் வரும். மீதித் துணி அப்படியே தெரியும். நீடில்பாயிண்டில் அப்படியில்லை. சல்லடைபோல் துளைகள் உள்ள விறைப்பான கித்தான் துணியின் ஒவ்வொரு கட்டத்தையும் கம்பளி நூலால் மூடிவிட வேண்டும். துணி சிறிதும் வெளியே தெரியக்கூடாது. அதனால்தான் தைத்து முடித்த துணி கம்பளம்போல் தடிப்பாக இருக்கிறது. நாற்காலி இருக்கைக்கும் குஷனுக்கும் தாங்குகிறது. இதற்கான ஊசியின் முனை மழுங்கியிருக்கும். துளைகள் ஏற்கெனவே இருப்பதால் கூர்மைக்கு வேலையில்லை.

அடிப்படைத் தையல் ஒன்றே ஒன்றுதான். ஒரு துளையின் வழியே ஊசியை மேலே இழுத்து, அதற்கு வலப்புறம் மேலே, மூலைவாட்டில் உள்ள துளையில் இறக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அதன் பிறகு தேவைப்படுவது நேரம். பாட்டியின் துணியில் ஓர் அங்குலத்திற்குப் பத்துக் கட்டங்கள். அப்படியானால் ஒரு சதுர அங்குலத்திற்கு 100 தையல்கள். உறையோ 14 அங்குலச் சதுரம். மொத்தம் 19,600 தையல்கள்! பாட்டி சரிபாதி முடித்திருந்தார். எனக்கு ஒரு சதுர அங்குலத்திற்குக் கால் மணி நேரம் பிடித்தது. மீதியை முடிக்க இருபத்து நான்கரை மணி நேரம் வேண்டும் என்று கணக்குப் போட்டபோது, கைப்பேசியில் நான் செலவழிக்கும் நேரம் நினைவுக்கு வந்து, அந்தக் கணக்கை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் வாரத்தில் ஆறு சதுர அங்குலம் தைத்துவிட்டுப் பெருமையோடு பாட்டியிடம் நீட்டினேன். அவர் விரல் நுனியால் மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கண்ணு, இங்கே சாய்வு மாறியிருக்கே."

தைக்க வசதியாக இருக்கட்டும் என்று நான் சட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தேன். அதனால் என் தையல்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பிழை தெரியாது. ஆனால், எல்லாத் தையல்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் அவற்றின்மீது ஒளி ஒரே சீராக விழும். மாறினால் அந்த இடம் ஒட்டுப் போட்டதுபோல் தனியாகத் தெரியும். அறுநூறு தையல்களையும் பிரிக்க வேண்டும். பிரித்த கம்பளி நூல் நைந்துபோவதால் அதை மீண்டும் பயன்படுத்தவும் முடியாது.

"யாருக்குப் பாட்டி தெரியப்போகிறது?" என்று கேட்டேன். என் குரலில் எரிச்சல் இருந்தது. பாட்டி அதற்குப் பதில் சொல்லவில்லை. "நாளைக்கு வேலை ஏதும் உண்டா? ஓரிடத்துக்குப் போய்வரலாம்" என்றார்.

மறுநாள் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனக்கான் அரும்பொருளகத்திற்குச் சென்றோம். பாட்டி என்னை நேராக ஒரு மேசைவிரிப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் செய்யப்பட்டது அது. அதில் பறவைகளும் பூக்களுமாக ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள்! ஒவ்வொன்றும் கையால் தைத்தது.

"பக்கத்தில் போய்ப் பார். எங்காவது பிசகியிருக்கா, சொல்லு."

கால் மணி நேரம் தேடினேன். கண் வலித்ததுதான் மிச்சம்.

இந்த மணிவேலைக்கும் பாட்டியின் கம்பளித் தையலுக்கும் உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரில், கட்டமிட்ட தாளில் வடிவங்களை அச்சிட்டு வண்ணம் தீட்டி விற்றார்கள். ஒரு கட்டத்திற்கு ஒரு தையல். ஓவியம் வரையத் தெரியாதவர்கூட கட்டங்களை எண்ணித் தெரிந்தால் ரோஜாவைத் தைத்துவிடலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பெரும் மோகமாகப் பரவியது. ஐரோப்பியத் தையல் வடிவப் புத்தகங்கள் பிறகு நம் வட்டாரத்திற்கும் வந்து சேர்ந்தன. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் நோன்யாப் பெண்கள் அவ்வடிவங்களைப் பார்த்து, கட்டத்திற்கு ஒரு தையலுக்குப் பதிலாகக் கட்டத்திற்கு ஒரு மணி வைத்துத் தைத்தார்கள். கடையில் நாம் காணும் நோன்யா மணிக்காலணியில் ஐரோப்பிய ரோஜா பூத்திருப்பது இப்படித்தான்.

வீடு திரும்பியதும் சிறிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். பிரித்து முடிக்கவே இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின.

அடுத்த தொல்லை ஜனவரியில் வந்தது. பச்சை நூல் தீர்ந்துவிட்டது. அதே நிறுவனத்தின் அதே எண்ணுள்ள நூலை வாங்கித் தைத்தேன். தைத்த பிறகுதான் புதிய பச்சை சற்று வெளிறித் தெரிந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நிறம் இம்மியளவு வேறுபடக்கூடும். பின்னணிக்கு வேண்டிய நூலை முதலிலேயே மொத்தமாக வாங்கிவிடச் சொல்வது இதனால்தான். பாட்டி அப்படித்தான் வாங்கியிருந்தார். நான் பிரித்து வீணாக்கிய நூல்தான் பற்றாக்குறைக்குக் காரணம். பாட்டியின் பச்சைக்கும் என் பச்சைக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தது. மறைக்க மனமில்லாமல் அவரிடம் சொன்னேன். "எங்கே, காட்டு" என்றார். அவர் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தேன். இருபுறமும் தடவிப் பார்த்தார்.

"விரலுக்கு ஒன்றும் தெரியலையே. இருக்கட்டும்" என்று சிரித்தார்.

முடித்தபோது துணி ஒரு பக்கம் இழுபட்டுக் கோணலாகியிருந்தது. நீடில்பாயிண்டில் இது வழக்கம். ஈரப்படுத்தி, பலகையில் சதுரமாக இழுத்து ஊசி குத்தி, இரண்டு நாள் காயவிட்டதும் நேரானது. பக்கத்து வீட்டு அத்தை பின்பக்கத்துக்கு வெல்வெட் வைத்துத் தைத்துத் தந்தார்.

இதைப் படித்துவிட்டுத் தைக்க ஆசைப்படுபவர்கள் குஷன் உறையிலேயே தொடங்க வேண்டாம். நான்கு அங்குலக் குவளை விரிப்பு போதும். அதுவே 1,600 தையல்கள். முடித்ததை வெயில் நேரே விழும் சன்னலருகில் வைத்தால் நிறம் மங்கும். சலவை இயந்திரத்தில் போட்டால் கம்பளி சுருங்கும். வீட்டையே கைவேலையால் நிரப்புவதும் எனக்கு உடன்பாடில்லை. மூன்று சுவர்கள் வெறுமையாக இருந்தால்தான் நான்காவதில் தொங்குவதை யாராவது நின்று பார்ப்பார்கள்.

இப்போது பாட்டியின் சோபாவில் நான்கு குஷன்களும் ஒன்றாக இருக்கின்றன. நான்காவதில் சூரியகாந்தி. இரவில் விளக்கைப் போட்டால் அந்தப் பச்சைக் கோடு நன்றாகத் தெரியும். விருந்தினர் வந்தால், "இதுவரைக்கும் நான், இதிலிருந்து என் பேத்தி" என்று பாட்டி விரல் வைத்துக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் விரல் கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, என் பக்கத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டுதான் நிற்கும். நான் திருத்துவதில்லை.