குழாய் அடைத்தால் காப்பீடு கை கொடுக்குமா?

கேள்வி: வீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறோம். சமையலறைக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் பணம் கிடைக்குமா?

பதில்: அடைப்பு எடுக்கும் கூலி கிடைக்காது. அது பராமரிப்புச் செலவு, வீட்டுக்காரரின் பொறுப்பு.

ஆனால், 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி தீ, புயல், வெள்ளத்தோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ திடீரென உடைந்து அல்லது நிரம்பி வழிந்து உண்டாகும் சேதத்தையும் ஏற்கிறது. கட்டடத்துக்கு எடுத்தால், அதன் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்கும் பாதுகாப்பு உண்டு. நாள்பட்ட கசிவால் சுவர் ஊறினால் நிலைமை வேறு. பராமரிக்காத குறை என்று கோரிக்கை தள்ளுபடியாகலாம். சேதம் நேர்ந்ததும் படமெடுத்து, உடனே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அடைப்புக்கு முக்கியக் காரணம் எண்ணெய்தான். பலகாரம் சுட்ட எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால், அது குழாயின் உட்புறம் பிசுக்காகப் படிந்து, சோற்றுப் பருக்கையையும் தேயிலைத் தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிகால் வாயில் சல்லடை போடுங்கள். அடியிலுள்ள வளைவுக் குழாயை அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள்.

செப்டிக் டேங்க் நிறைந்தால் கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழையுங்கள், ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகளின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளிருக்கும் விஷவாயு சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும்.