நெஞ்செரிச்சலுக்கு ஸ்கோப்: போகும் முன்னும் வந்த பின்னும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு சாப்பாடு உண்டு. பதினொரு மணிக்கு மாமாக் கடை, மேகி கோரெங், தே தாரிக். படுத்த சற்று நேரத்தில் நெஞ்சு எரிய, கேவிஸ்கான் பாட்டிலைத் தேடி எழுகிறவர்கள் பிரிக்பீல்ட்ஸிலும் உண்டு, கிள்ளானிலும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோ கியான் லீ குழுவினர், வயிற்றுக் கோளாறுக்காக ஸ்கோப் (வாய் வழியே கேமராக் குழாய் விட்டு உணவுக்குழாயையும் வயிற்றையும் பார்க்கும் சோதனை) பார்த்துக்கொண்ட 1,000 பேரை ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 134 பேரின் உணவுக்குழாயை அமிலம் புண்ணாக்கியிருந்தது. மலேசிய இனங்களில் இந்தியருக்கே இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுதல் என்பதும் அதில் தெரிந்தது.

மாத்திரைக்கு அடங்காத எரிச்சல், தொண்டையில் சோறு அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் ஸ்கோப் பார்க்கச் சொல்லலாம். அரசாங்க வழியில் போகிறவருக்கு முதல் படி கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கே தரும் கடிதத்தோடு கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். தனியார் மருத்துவமனை என்றால், டேகேர் சிகிச்சைக்குக் காப்புறுதி நிறுவனம் ஜி.எல். என்ற உத்தரவாதக் கடிதம் தருமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். பட்டினி வயிற்றோடு கவுண்டரில் நின்று கேட்கிற கேள்வி அல்ல அது.

உண்மையான தயாரிப்பு மருந்துப் பையில்தான் இருக்கிறது. ஒமெப்ரசோல், பென்டோபிரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லலாம். அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வயிற்றில் இருக்கக்கூடிய எச். பைலோரி கிருமி சோதனையில் அகப்படாமல் போகக்கூடும். நிறுத்திய சில நாளில் எரிச்சல் கூடும். ஸ்கோப் நாள் வரை அதற்கு என்ன குடிக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைச் சொந்த முடிவில் நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடம் சொல்லாமல் மறைக்கவும் கூடாது. சர்க்கரை நோயாளிக்குக் கவனம் இன்னும் தேவை. பட்டினியில் வழக்கமான இன்சுலினைப் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அன்றைய அளவை எழுதி வாங்கிக்கொண்டு, காலையில் முதல் ஆளாகக் கூப்பிடச் சொல்லலாம். ஓசெம்பிக் ஊசி போடுகிறவர் அதையும் சொல்ல வேண்டும். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

திட உணவு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு முன்போடு சரி. வெறும் தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை விடுவார்கள். மருத்துவமனைத் தாளில் வேறு கணக்கு இருந்தால் அதுவே சட்டம். பால் சேர்ந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் வரும். ‘ஒரு வாய் கோப்பிதானே’ என்று குடித்துவிட்டு வருகிறவரின் ஸ்கோப் தள்ளிப்போகும்.

அறைக்குள் வேலை குறைவு. பல்செட்டைக் கழற்றி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்ததும், தொண்டையை மரக்கவைக்கும் கசப்பான ஸ்பிரே அடிப்பார்கள். பற்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் தொண்டையைத் தொடும்போது ஒருமுறை விழுங்கி, பிறகு நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு, எச்சிலை வழியவிட்டால் போதும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

தூக்க ஊசி போடுவதா, ஸ்பிரே மட்டுமா என்பதை வீட்டு நிலவரம் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஊசி போட்டவர் 24 மணி நேரம் கார், மோட்டார் ஓட்டக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது. தனியாக கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போவதும் ஆகாது. கூட்டிப்போக ஆள் வேண்டும். தனியாக வாழ்கிறவருக்கு ஸ்பிரேயே தோது, கொஞ்சம் குமட்டினாலும்.

தொண்டை மரப்பு விடும்வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், எதுவும் குடிக்கக் கூடாது, புரையேறும். பிறகு ஒரு மடக்குத் தண்ணீர். இருமல் வராவிட்டால் ஆறிய கஞ்சி, இட்லி. சம்பால் மறுநாளுக்கு இருக்கட்டும். உள்ளே செலுத்திய காற்றால் வயிறு உப்பும், ஏப்பம் வரும், தொண்டை ஓரிரு நாள் கரகரக்கும். இவை தானே சரியாகும். கடுமையான நெஞ்சு வலி அல்லது வயிற்று வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், ரத்த வாந்தி, கறுப்பு மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் 999 அல்லது அவசரப் பிரிவு. மறு சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது.

அறிக்கையில் ‘எல்ஏ’ என்று போட்டு ஏ முதல் டி வரை ஓர் எழுத்து இருந்தால், அது உணவுக்குழாய்ப் புண்ணின் அளவு. டி மிக மோசம். எச். பைலோரி இருந்தால் பொதுவாக 14 நாள் மருந்து. அதை முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். எரிச்சல் அடங்கியதும் பலர் இந்தச் சோதனைக்கு வருவதே இல்லை. தேதியை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடலாம்.