டோரன்ட் ஓடினால் விசிறி அலறுகிறதா? எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

உபுண்டு லினக்ஸின் நிறுவல் கோப்பு ஏறத்தாழ ஆறு ஜிபி. டோரன்டில் இழுத்தால் அலுங்காமல் வந்து சேர வேண்டும். சில மடிக்கணினிகளிலோ அந்த நேரம் முழுக்க விசிறி அலறும், பிரவுசர் தடுமாறும், மவுஸ் முள் திக்கித் திக்கி நகரும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் புராசஸர் பயன்பாடு தொண்ணூறைத் தாண்டி நிற்கும். உடனே பலரும் செய்வது, இருக்கிற டோரன்ட் மென்பொருளைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போடுவது. ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர, அது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டோரன்ட் முறையில், கோப்பு துண்டு துண்டாகப் பலரிடமிருந்து வருகிறது. வந்த ஒவ்வொரு துண்டும் சரியானதுதானா என்று ஷா-1 என்ற கணக்கின் மூலம் மென்பொருள் சரிபார்க்கிறது. புராசஸருக்கு இதில் வேலை உண்டு. ஆனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு 12.5 எம்பிதான் வரும். இன்றைய புராசஸரின் ஒற்றைக் கோர், நொடிக்குப் பல நூறு எம்பியை இந்தக் கணக்கில் சரிபார்த்துவிடும். ஆக, சாதாரண டவுன்லோட் மட்டுமே ஒரு மடிக்கணினியைத் திணறடிக்க வழியில்லை. திணறுகிறதென்றால் கூடவே வேறு ஏதோ ஓடுகிறது.

அதைக் கண்டுபிடிக்க டாஸ்க் மேனேஜரைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். விண்டோஸில் நூறு சதவீதம் என்பது எல்லாக் கோர்களும் சேர்ந்த மொத்தம். லினக்ஸின் டாப் கட்டளையிலும் மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரிலும் நூறு என்பது ஒரே ஒரு கோர். எட்டு இழைகள் கொண்ட புராசஸரில் டோரன்ட் மென்பொருள் 12, 13 சதவீதத்திலேயே அசையாமல் நின்றால், 'குறைவுதானே' என்று விட்டுவிடக் கூடாது. ஒரு இழை முழுதாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. எண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அது வேறு கதை.

பல கணினிகளில் பட்டியலின் உச்சியில் நிற்பது டோரன்ட் மென்பொருளே அல்ல. 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்', அதாவது விண்டோஸ் டிஃபென்டர். பாதி வந்த கோப்பில் ஓயாமல் புதுத் துண்டுகள் எழுதப்படுகின்றன. டிஃபென்டர் அதை மறுபடி மறுபடி எட்டிப் பார்க்கிறது. இங்கே மூன்று வழிகள் உண்டு. டிஃபென்டரையே அணைப்பது முதல் வழி. அதைப் பரிந்துரைப்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். டவுன்லோட் போல்டர் முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்ப்பது இரண்டாவது. வேலை செய்யும், ஆனால் முடிந்த கோப்புகளும் சோதனைக்கு வெளியே போய்விடும். மூன்றாவதுதான் நல்லது: முடியாத டோரன்ட்களுக்கு மட்டும் தனி போல்டர் ஒதுக்கி, அதை மட்டும் விலக்குவது. கியூபிட்டோரன்ட், டிரான்ஸ்மிஷன் ஆகிய டோரன்ட் மென்பொருள்கள் இரண்டிலுமே இதற்கு இடம் உண்டு. முடிந்ததும் கோப்பு வழக்கமான போல்டருக்கு நகரும்; அங்கே திறக்கும்போது டிஃபென்டர் தன் வேலையைச் செய்யும். இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்பவர்கள் 2016 மார்ச்சை நினைத்துப் பார்க்கலாம். டிரான்ஸ்மிஷனின் அதிகாரபூர்வத் தளத்திலேயே யாரோ புகுந்து, மேக்குக்கான 2.90 பதிப்பில் கீரேஞ்சர் என்ற பணயத் தீநிரலைச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

விண்டோஸின் தேடல் இண்டெக்ஸரும் இதே மாதிரி தொல்லை தரக்கூடும். டவுன்லோட் போல்டரை இண்டெக்ஸிலிருந்து நீக்கிவிட்டால் அதோடு முடிந்தது.

பட்டியலின் உச்சியில் நிற்பது நிஜமாகவே டோரன்ட் மென்பொருள்தான் என்றால், முதலில் கை வைக்க வேண்டியது இணைப்புகளின் எண்ணிக்கை. கியூபிட்டோரன்ட் தானாக 500 இணைப்புகள் வரை அனுமதிக்கிறது, டிரான்ஸ்மிஷன் 200. யாரோ சொன்னார்கள் என்று இதை ஐயாயிரமாக ஏற்றி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வேகம் கூடுவதில்லை, புராசஸருக்கும் ரூட்டருக்கும் வேலைதான் கூடுகிறது. வீட்டு இணைப்புக்கு 200 தாராளம்.

அடுத்தது மியூடிபி. டோரன்ட் போக்குவரத்து, வீட்டில் நடக்கும் வீடியோ அழைப்புக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பதற்காக வந்த முறை இது. நல்ல நோக்கம்தான். ஆனால் வழக்கமான டிசிபியில் பாக்கெட்களைக் கவனிப்பது இயங்குதளம். மியூடிபியில் அந்த வேலை டோரன்ட் மென்பொருளின் தலையில் விழுகிறது. நொடிக்கு 12.5 எம்பி என்றால் சுமார் ஒன்பதாயிரம் பாக்கெட்கள். பழைய புராசஸரில் இது தெரியவே தெரியும். கியூபிட்டோரன்டின் இணைப்பு அமைப்புகளில் 'டிசிபி மட்டும்' என்று மாற்றிப் பார்க்கலாம். விலை என்ன? டவுன்லோட் ஓடும்போது வீட்டில் மற்றவர்களின் இணையம் இழுக்கும். மேல்வேக வரம்பு ஒன்றை வைத்துவிட்டால் அந்தச் சண்டையும் வராது.

நூற்றுக்கணக்கான டோரன்ட்களை சீடிங்கில், அதாவது பிறருக்குப் பகிர்ந்தபடி, வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பெரும்பாலும் புராசஸரைத் தின்பது திரையில் தெரியும் பட்டியல்தான். கியூபிட்டோரன்ட் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை எல்லா வரிகளையும் புதுப்பிக்கிறது. அந்த இடைவெளியைக் கூட்டினாலோ, சாளரத்தைச் சுருக்கினாலோ எண் சட்டென்று இறங்கும். 'மறுசரிபார்ப்பு' ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 50 ஜிபியை, நொடிக்கு 150 எம்பி படிக்கும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சரிபார்க்க ஐந்தாறு நிமிடம் ஆகும். அதைப் பழுது என்று நினைத்து நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரலாம்.

இத்தனைக்கும் பிறகு மென்பொருளை மாற்றும் கேள்விக்கு வரலாம். தொடக்கத்தில் சொன்ன விதிவிலக்கு மியூடோரன்ட். லுட்விக் ஸ்ட்ரிஜியஸ் 2005இல் வெளியிட்டபோது சில நூறு கேபி அளவே இருந்த, சிக்கனத்துக்குப் பெயர்போன மென்பொருள் அது. 2006இல் கைமாறியது; பிறகு விளம்பரங்கள் ஏறின. 2015 மார்ச்சில், 3.4.2 பதிப்போடு 'எபிக் ஸ்கேல்' என்ற கிரிப்டோ நாணயச் சுரங்க மென்பொருளும் வந்து உட்கார்ந்து புராசஸரைத் தின்கிறது என்று பயனர்கள் கொதித்தார்கள். பயனரின் சம்மதத்தோடுதான் நிறுவப்படுகிறது என்றது நிறுவனம். பின்னர் அதை நீக்கியது. இன்றும் விளம்பரங்களோடு வரும் பதிப்பைப் பயன்படுத்துபவர்கள், மேலே சொன்ன எதையும் சோதிக்காமல் நேரே மாறிவிடலாம்.

எதற்கு மாறுவது? விண்டோஸில் கியூபிட்டோரன்ட்: விளம்பரம் இல்லை, திறந்தமூலம், வசதிகள் நிறைய. ஒரு நுணுக்கம் மட்டும். இதன் உள்ளே ஓடுவது லிப்டோரன்ட் என்ற எஞ்சின். 2022 ஜனவரியில் வந்த 4.4 பதிப்போடு அந்த எஞ்சினின் 2.0 வரிசையும் சேர்ந்தது. டிஸ்க்கைக் கையாளும் விதம் மாறியதால் நினைவகம் வீங்குகிறது, கணினி மந்தமாகிறது என்று விண்டோஸ் பயனர்கள் புகார் சொன்னார்கள். அதனால் பழைய 1.2 எஞ்சினோடும் ஒரு பதிப்பு கிடைக்கிறது. பெயரில் 'எல்டி20' என்று இருப்பது புது எஞ்சின். அது திணறினால் மற்றதைப் போட வேண்டும். டெலூஜும் இதே லிப்டோரன்டில்தான் ஓடுகிறது. எஞ்சின் கோளாறுக்காகக் கியூபிட்டோரன்டிலிருந்து அங்கே தாவுவதால் பெரிய பலன் இருக்காது.

டிரான்ஸ்மிஷனின் எஞ்சின் சொந்தமானது. 2023 பிப்ரவரியில் வந்த 4.0 பதிப்புக்காக அதன் நிரல் சி மொழியிலிருந்து சி++க்கு மாற்றப்பட்டது. தங்கள் சோதனையில் புராசஸர் வேலை 3.00ஐவிடப் பாதியாகக் குறைந்தது என்கிறார்கள் அதை உருவாக்குபவர்கள். தேடல் வசதியோ ஆர்எஸ்எஸ்ஸோ அதில் இல்லை. பழைய மேக்குக்கும் எளிய லினக்ஸ் கணினிக்கும் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மடிக்கணினியை விட்டே டோரன்டை வெளியேற்றுவது இன்னொரு வழி. ஒரு ராஸ்பெர்ரி பை பலகையில் டிரான்ஸ்மிஷனையோ, திரையில்லாமல் ஓடும் கியூபிட்டோரன்ட்-நாக்ஸையோ போட்டுவிட்டுப் பிரவுசர் வழியாகக் கட்டுப்படுத்தலாம். இரவு பகலாக சீடிங் செய்பவருக்கு இது மிகப் பொருத்தம். மாதத்துக்கு ஒரு நிறுவல் கோப்பு இறக்குபவருக்கு வீண் செலவு. இங்கேயும் ஒரு பொறி உண்டு. விண்டோஸில் பயன்படுத்திய வெளி ஹார்டு டிஸ்க்கை அப்படியே செருகினால் அது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும். லினக்ஸின் பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் கர்னலுக்கு வெளியே ஓடுவது. டாப் கட்டளையில் 'மவுண்ட்.என்டிஎஃப்எஸ்' ஒரு கோரை முழுதாக விழுங்கிக்கொண்டிருக்கும், பழி டிரான்ஸ்மிஷன் மேல் விழும். டிஸ்க்கை எக்ஸ்ட்4 வடிவுக்கு மாற்றுவதே தீர்வு. அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்ற முடியாதவர்களுக்கு, 2021இல் லினக்ஸ் 5.15 கர்னலோடு வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் ஓரளவு கைகொடுக்கும்.

டோரன்ட் அல்லாத, கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் மென்பொருளிலும் இதே புலம்பலைக் கேட்கலாம். அது போல்டரை முதன்முதலில் சேர்க்கும்போது எல்லாக் கோப்புகளையும் ஷா-256 கணக்கில் படித்து முடிக்கும். அந்தச் சில மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அது முடிந்த பிறகும் எண் இறங்கவில்லை என்றால், பிரவுசரில் அதன் பக்கம் திறந்தே கிடக்கிறதா என்று பார்த்து மூடிவிடலாம். ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் அந்தப் பக்கமே கணிசமான வேலை வைக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் மறு அலசலை, லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள போல்டருக்கு மட்டும் நாளுக்கு ஒருமுறை என்று தள்ளிப் போடலாம். மாற்றங்களை உடனுக்குடன் கவனிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் ஒத்திசைவு தாமதமாகாது.