பட்டியலில் உண்டா, இல்லையா?

மொய் நோட்டு இல்லாத வீடு குஜிலியம்பாறைப் பக்கத்தில் இராது. ஒரு விசேஷத்திற்குப் புறப்படுமுன், 'நம் வீட்டுக் காதுகுத்துக்கு அவர்கள் செய்திருக்கிறார்களா?' என்று நோட்டைப் புரட்டுகிறோம். இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்கும் முறையைக் காண்போம்.

கைடோ வான் ராசம் என்னும் டச்சு நாட்டவர் உருவாக்கி 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியில் இதற்கென 'இன்' என்ற சிறு சொல் உள்ளது. தேடும் பெயரை இடப்புறமும் பட்டியலை வலப்புறமும் எழுதி, நடுவில் இச்சொல்லை வைத்தால் 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்' என விடை வரும்.

பட்டியல் 'லிஸ்ட்' வகையாயின், கணிப்பொறி முதற் பெயரிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் செல்லும். ஆயிரம் பெயர்களுள் இல்லாத ஒன்றைக் கேட்டால் ஆயிரத்தையும் பார்த்த பின்னரே இல்லை என்னும். 'செட்' வகையில் அவ்வாறன்று. பெயரிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அது இருக்க வேண்டிய இடத்தையே நேராகப் பார்க்கும்; ஊர்வாரியாகப் பிரித்தெழுதிய நோட்டில் அந்த ஊர்ப் பக்கத்தைத் திறப்பது போல. பெயருக்கு எதிரே தொகையையும் வைக்கும் 'டிக்ஷனரி'யில் 'இன்' பெயர்களை மட்டுமே பார்க்கும். 501 உண்டா என்றால், அத்தொகை எழுதியிருந்தாலும் இல்லை என்றே சொல்லும்.

பட்டியலுக்குப் பதில் ஒரே சொற்றொடரைக் கொடுத்துவிட்டால் விடையின் பொருளே மாறிவிடும். அங்கே 'இன்' தேடுவது சொல்லின் பகுதியை. 'பழனிச்சாமி'யில் 'பழனி' உண்டு என்று சொல்லிவிடும். இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பது அதற்குத் தெரியாது. 'குஜிலியம்பாறை'யில் 'ப' உண்டா என்றாலும் உண்டு என்னும். நம் கணக்கில் அங்கிருப்பது 'பா' அல்லவா? யூனிகோடு முறையில் 'பா' என்பது பகரமும் துணைக்காலுமாகிய இரண்டு குறிகள். நாம் ஏழெழுத்தாக எண்ணும் ஊர்ப் பெயர் கணிப்பொறிக்குப் பதின்மூன்று குறிகள்.

இதனால் எங்கள் வீட்டில் ஒரு தர்மசங்கடம் நேர இருந்தது. பழைய நோட்டின் ஒரு பாதியை நான் தட்டச்சு செய்தேன். மறுபாதி வேறொரு கோப்பிலிருந்து வந்தது. கோவிலூர் உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் புறப்படும்போது கேட்டேன்; 'ஃபால்ஸ்' என்றது. அப்பா நம்பவில்லை. நோட்டை எடுத்துப் பக்கத்தைக் காட்டினார். நான் சொன்னதை நம்பிப் போயிருந்தால், செய்தவருக்குத் திருப்பிச் செய்யாதவர்கள் என்ற பெயர் வந்திருக்கும்.

திரையில் இரண்டு 'கோவிலூர்'களும் ஒன்றாகவே தெரிந்தன. நீளம் கேட்டபோதுதான் ஒன்று 8, மற்றொன்று 9 என்றது. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியாகவும், மற்றதில் இரட்டைச் சுழியும் துணைக்காலும் தனித்தனியாகவும் பதிவாகியிருந்தன. 'இன்' குறிகளைத்தான் ஒப்பிடும், கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை அன்று.

இதற்கு மருந்து பைத்தானிலேயே உண்டு. 'யூனிகோடுடேட்டா' தொகுதியிலுள்ள 'நார்மலைஸ்' செயலியை 'என்.எஃப்.சி.' என்ற முறையில் இயக்கினால் பிரிந்த குறிகள் சேர்ந்துவிடும். பட்டியலில் உள்ளதற்கும் தேடுவதற்கும், இரண்டிற்குமே இதைச் செய்ய வேண்டும்; ஒன்றிற்கு மட்டும் செய்வது வீண். பெயரின் முன்பின் ஒட்டிய வெற்றிடத்தை 'ஸ்ட்ரிப்' நீக்கும்.

ஆனால் 'கௌரி' என்பதை ஔகாரக் குறியின்றி, ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்துமாகத் தட்டியிருந்தால் இம்மருந்து பலிக்காது. ளகரம் தனி எழுத்தாகவே நிற்கும். அத்தகைய பெயர்களை நோட்டோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்தினேன்.