மூக்கைத் தூக்கிய டிராக்டர்

அன்புள்ள மகிழனுக்கு,

நீ அனுப்பிய படத்தில் இருப்பது ஃபோர்ட்சன் டிராக்டர். இரும்புச் சக்கரம், கூரை இல்லாத இருக்கை, முன்னால் கை வைத்துச் சுற்றும் ஹேண்டில் எல்லாம் சரியாக இருக்கின்றன. "இதற்கு ஏன் அடிச்சட்டமே இல்லை?" என்று கேட்டிருக்கிறாயே, நல்ல கேள்வி. அதில் இருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முந்தைய டிராக்டர்கள் பெரும்பாலும் பல டன் எடை கொண்டவை. கனத்த இரும்புச் சட்டத்தின் மேல் எஞ்சினைத் தூக்கி வைத்திருப்பார்கள். பெரும் பண்ணைக்காரர்கள்தான் வாங்க முடியும். ஃபோர்ட்சனைத் தயாரித்த ஹென்றி ஃபோர்டிடம் வேலை பார்த்த யூஜின் ஃபார்க்கஸ் என்ற ஹங்கேரியப் பொறியாளர் சட்டத்தையே எடுத்துவிட்டார். எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சின் கூடு ஆகிய வார்ப்பிரும்புப் பாகங்களை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கினார். அவையே வண்டியின் முதுகெலும்பாகிவிட்டன. எடை சுமார் 1,200 கிலோவாகக் குறைந்தது, செலவும் இறங்கியது. இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களின் உடம்பும் பெரும்பாலும் இந்த முறையில் அமைந்ததுதான்.

1917 அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பார்னில் உற்பத்தி தொடங்கியது. அப்போது முதல் உலகப் போர். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்ததால் பிரிட்டன் பட்டினிக்கு அஞ்சியது. ஆட்களும் குதிரைகளும் போர்முனைக்குப் போய்விட்டதால் அந்த அரசாங்கமே 6,000 டிராக்டர்கள் கேட்டது. 1918இல் அமெரிக்க உழவர்களுக்கு 750 டாலருக்கு விற்றது, 1922இல் 395 டாலருக்கு வந்தது. அடுத்த ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் தயாரித்தார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டவேண்டிய 20 குதிரைத்திறன் எஞ்சின். குளிர்காலக் காலையில் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுவிடும்.

இனி நீ கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி. எஞ்சின் பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, வண்டியின் உடம்பு எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொள்ளப் பார்க்கும். அதாவது, மூக்கு மேலே எழப் பார்க்கும். முன்பக்க எடை அதை அமுக்கி வைத்திருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் மரவேரிலோ பாறையிலோ கலப்பையின் கொழு மாட்டிக்கொண்டு, பின்சக்கரமும் வழுக்காமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? சக்கரம் சுழல முடியாததால் வண்டியே அச்சைச் சுற்றிச் சுழலும். முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, டிராக்டர் பின்பக்கமாக ஓட்டுநர்மேல் கவிழும். கிளட்ச்சை மிதிக்கக்கூட அவகாசம் இருக்காது. இலகுவான வண்டி என்பதால் ஃபோர்ட்சனில் இந்த ஆபத்து அதிகம். பலர் இப்படி இறந்தார்கள். பிற்பாடு பின்சக்கர மட்கார்டுகளை நீளமாக்கி, மூக்கு எழுந்தாலும் அவை தரையில் ஊன்றிக்கொள்ளும்படி செய்தார்கள். ஏழை உழவன் வாங்கும் விலைக்கு டிராக்டரைக் கொண்டுவந்தது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உயிரை எடுக்கும் குறை தெரிந்த பிறகும் அடிப்படை அமைப்பை மாற்றாமல் லட்சக்கணக்கில் விற்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரியான விடையைத் தேடியவர் அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன். கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பதுதான் கோளாறு என்று அவர் கண்டுபிடித்தார். கீழே இரண்டு கோல்கள், மேலே ஒன்று என மூன்று இடங்களில் கலப்பையை டிராக்டரோடு பிணைத்தார். கீழ்க்கோல்கள் இழுக்கும். உழும்போது கலப்பை முன்பக்கமாகக் கவிழப் பார்ப்பதால் மேல்கோல் டிராக்டரை முன்னோக்கித் தள்ளி, அதன் மூக்கை அமுக்கிப் பிடிக்கும். கலப்பையின் சுமையும் பின்சக்கரத்தில் இறங்குவதால் இலகுவான வண்டிக்கே நல்ல பிடிமானம் கிடைக்கும். கலப்பையைத் தூக்கி இறக்குவது ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தின் வேலை. 1936இல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டரிலும், 1939இல் ஃபோர்டின் 9என் டிராக்டரிலும் இந்த ஏற்பாடு வந்தது. ஃபோர்ட்சனின் குறைக்கு மருந்து கண்டவரோடு அதே ஹென்றி ஃபோர்டு கைகோத்தார் என்பதையும் கவனி.

சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களின் பெயரில் இருப்பவர் இந்த ஹாரி ஃபெர்குசன்தான். ஊருக்குப் போகும்போது பக்கத்து வயலில் உழும் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார். நம் டிரைவர்கள் 'டாப் லிங்க்' என்று சொல்லும் அந்த மேல்கோலைக் காட்டச் சொல். அதைத் திருகி நீளத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ கொழு மண்ணில் இறங்கும் சாய்வு எப்படி மாறுகிறது என்று செய்து காட்டச் சொல். எஞ்சினை அணைத்து, கலப்பையைத் தரையில் இறக்கிய பிறகுதான் கிட்டே போகவேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா